கற்சிறையும் கையறுநிலையும்

தொல்காப்பியப் புறத்திணையியல், வஞ்சித் துறைகளைக் கூறுமிடத்து, பெருகி வரும் படையைத் தனியொருவனாய் நின்று தாங்கும் மறவனுக்கு, விரைந்து வரும் புனலைத் தாங்கும் கற்சிறையை உவமையாக்குகின்றது. தமிழில் அணை பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் இஃது ஒன்று. இவ்வுவமையை எடுத்துக்காட்டித் தமிழர் பண்டே அணை கட்டும் தொழிலறிந்தவர் என நிறுவுவது நம் ஆய்வாளர்க்கு வழக்கமாயிற்று. அது மெய்யே, மறுப்பாரிலர். ஆயினும் அவ்வுவமை எவ்விடத்து நிற்கின்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. கற்சிறை ஈண்டுப் போர்க்களத்தில் நிற்கின்றது. தடுப்பவன் புகழே அங்குப் பொருள். தடுக்கப்பெற்ற நீர் பின்னே எவ்வூரில் ஏறிற்று என்னும் வினா அவ்வுவமைக்குள் எழ இடமில்லை. உவமைக்கு அது குறையன்று. ஆனால் அதன் பின்வந்த நெடிய பாட்டு மரபிலும் அவ்வினா மிக அரிதாகவே எழுந்தது என்பது ஆராயத்தக்கது. அதனையே இக்கட்டுரையில் யாம் எடுத்துக்கொள்கின்றோம்.

பொதுவாகப் பேசின் பொருள் நழுவும். ஆதலின் ஒரு நிலப்பகுதியை எல்லையாக வைத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கின்றது. மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆற்றைக் கச்சிராயபாளையத்தின் அருகே மறித்து 1963க்கும் 1965க்கும் இடையே அணை கட்டினர். அதன் நீர்மட்டம் 46 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 560 மில்லியன் கன அடி. மணிமுக்தாநதி அணையின் நீர்மட்டம் 36 அடி. இவற்றினும் மிகப் பெரியது தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் முடிந்த சாத்தனூர் அணை. அதன் நீர்மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அது நிற்பது திருவண்ணாமலை மாவட்டத்திலெனினும், அதன் வாயில் திறந்தால் நீர் மூங்கில்துறைப்பட்டைக் கடந்து திருக்கோவலூர் வழியாகவே கடலுக்குச் செல்லும்; ஆகவே இதனையும் இந்நிலத்து அணையாகக் கொள்வதில் பிழையில்லை.

இவ்வணைகளால் விளைந்த நன்மையை முதற்கண் ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லிவிடல் வேண்டும். கோமுகி நீர் பாயும் வயல்களில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் எழுந்தமை அக்கரும்பினாலன்றோ? வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பி வாழ்ந்த சிற்றூர்கள், மழை பொய்த்த ஆண்டிலும் ஓரளவு நிமிர்ந்து நிற்கத் துணை கிடைத்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும் பஞ்சத்தை அறிந்தவர் நீரைத் தேக்குவதைப் பழித்துப் பேசார். நகரத்தில் குழாய் நீர் அருந்திக்கொண்டு அணையே தீதென எழுதும் ஒருசாரார் போக்கு எமக்கு உடன்பாடன்று.

அறவுரையும் புகழுரையும்

நீர் தேக்குதலைப் பற்றிய பழம்பாடல்களை எல்லாம் ஒரே கூடையில் இட்டு, அனைத்தையும் 'நீர்மேலாண்மைச் சிந்தனை' எனப் பெயரிடுவது அண்மைக்கால வழக்கு. அவற்றுள் இருவேறு குரல்கள் உள. இவற்றைப் பிரித்தறியாமையே மயக்கத்திற்குக் காரணம்.

புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிப் பேசுகின்றார். உணவு கொடுத்தார் உயிர் கொடுத்தாராவர். உணவென்பது நிலத்தொடு நீர் கூடியது. வானம் பார்த்த புன்செய் எவ்வளவு அகன்றிருப்பினும் அரசனுக்கு உதவாது. ஆதலின் நிலம் குழிந்தவிடமெல்லாம் நீரைத் தேக்குக, அதுவே நிலைத்த புகழ் என்பது அப்பாட்டின் கருத்து. இதனைத் தொகுத்தோர் காஞ்சித் துறையில் வைத்தனர். பாடாண் திணையில் வைக்கவில்லை. அரசன் செய்துமுடித்த ஒன்றை அப்புலவர் புகழவில்லை, செய்யவேண்டுவதைச் சொல்கின்றார். நிலையாமை பேசும் துறையில் நீர்த்தேக்கம் பேசப்படுகின்றது என்பது சிறு செய்தியன்று. செல்வமும் வெற்றியும் இறுதிவரை உடன்வாரா என்ற எச்சரிக்கைக்குள் அவ்வறிவுரை பொதிந்துள்ளது. மேலும், அவர் சொல்வது நிலம் தானே தாழ்ந்து கிடக்கும் பள்ளங்களில் நீரை நிறுத்துவது. ஏரிக்கும் பேரணைக்கும் உள்ள வேறுபாடு இதனுள் அடங்கும். ஏரி பள்ளத்தை நாடுகின்றது. பேரணை பள்ளத்தாக்கை நாடுகின்றது. பள்ளத்தாக்குகளில் பெரும்பாலும் மக்கள் இருப்பர்.

இனிப் பட்டினப்பாலைக்கு வருவோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார், கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதையும், குளம் தோண்டி வளம் பெருக்கியதையும் அடுத்தடுத்து வைத்துப் பாடுகின்றார். அடுத்தடுத்து என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. காடு அழிதலும் குளம் பெருகுதலும் ஒரே செயலின் இரு முகங்களாக அவருக்குத் தோன்றின. அவர் பொய்யுரைக்கவில்லை, உள்ளதைத் தெளிவாகவே சொன்னார். உரை கூறுவோரும் வரலாறு எழுதுவோருமே அக்காட்டில் வாழ்ந்தோர் எவர் என்று கேளாமல் நாட்டின் வளத்திற்கு விரைந்து சென்றுவிட்டனர். காடு ஆளில்லாத வெற்றிடம் அன்று. எயினரும் குறவரும் இடையரும் வாழ்ந்த இடம் அதுவென்பதைச் சங்கப் பாடல்களே காட்டும். ஒரு தொகைநூலில் அவர்களைச் சுவைத்துப் படித்த நாம், மற்றொரு பாட்டில் அவர்கள் இருப்பிடம் வயலாகும்போது அவர்களை மறந்துவிடுகின்றோம்.

பிற்காலத்தே புகழ்ச்சி மேலும் தடித்தது. இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு, பகையரசர் தம் கைகளால் மண் சுமந்து காவிரிக்குக் கரையிட்டனர் என்று கரிகாலனுக்குப் பெருமை கூறும். கலிங்கத்துப்பரணியின் இராசபாரம்பரியப் பகுதி, கரை கட்ட வாராத முகரி என்பான் கண்ணிழந்த கதையைச் சொல்லி மகிழும். இலங்கையின் இராசாவலி என்னும் சிங்கள நூலோ, சோழ நாட்டரசன் அத்தீவினின்று 12,000 பேரைச் சிறைபிடித்துக் காவிரிப் பணிக்குக் கொண்டுசென்றான் எனவும், கயவாகு அவர்களை மீட்டான் எனவும் கூறும். அது காலத்தால் மிகப் பிந்திய நூல். அதனைக் கொண்டு வரலாறு நிறுவுதல் ஏலாது. ஆனால் ஒரு கரையின் கதை இக்கரையில் வெற்றியாகவும் அக்கரையில் இழப்பாகவும் சொல்லப்படுவதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. சுமந்தவர் வேற்றுநாட்டார் என்றால் பாட்டு களிக்கின்றது. சுமந்தவர் நம்மவர் என்றால் என்ன செய்யும்?

வந்தியின் பங்கு

இவ்வினாவுக்குத் தமிழ் ஒரு விடை வைத்திருக்கின்றது. அதனை நாம் சமய நூலென ஒதுக்கி, இக்கோணத்தில் படிக்காது விட்டோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61ஆவதாகிய மண் சுமந்த படலத்தைக் குறிக்கின்றோம்.

வையையில் வெள்ளம் பெருகிக் கரை உடைகின்றது. அரிமர்த்தன பாண்டியனின் ஆணைப்படி நகர மக்களுக்கு வீட்டுக்கு ஒரு பங்கு கரை அளந்து விடப்படுகின்றது. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு விழுகின்றது. அவளுக்கு மகனில்லை, சுற்றமில்லை, கூலியாள் கிடைக்கவில்லை. பங்கோ எல்லார்க்கும் போன்றதே. ஒத்த அளவினதான பங்கு ஒவ்வாத தோள்களின்மேல் வைக்கப்படும்போது நேரும் கொடுமையை இத்துணைச் சுருங்கக் காட்டிய வேறொரு காட்சியை யாம் அறியோம். பின்னர்ச் சொக்கநாதர் கூலியாளாய் வருவதும், உதிர்ந்த பிட்டை வாங்கியுண்பதும், வேலை செய்யாது ஆடிப்பாடி உறங்குவதும், அரசன் பிரம்பால் அடிப்பதும், அவ்வடி அடித்த அரசன் உள்ளிட்ட எல்லா உயிர்கள்மேலும் விழுவதும் யாவரும் அறிந்தவை.

பத்திச் சுவைக்காக இதனைப் படிப்போர் இறைவனின் எளிமையில் நெஞ்சு கரைவர், அது தக்கதே. திறனாய்வாளர் நோக்கவேண்டியது பிறிதொன்று. இப்படலத்தில் கரை தேவையற்றது என்று எவரும் சொல்லவில்லை. வெள்ளம் மெய், நகரம் அழியும், கரை கட்டியே ஆகவேண்டும். அரசன் கொடுங்கோலன் அல்லன், முறைப்படியே பங்கிட்டான். தீமை கரையில் இல்லை, அளவைக்கோலில் இருந்தது. பொது நன்மைக்கான செலவை யார்மேல் எவ்வளவு வைப்பது என்ற வினாவைப் புராணம் அடியாக மாற்றி எல்லார் முதுகிலும் வைத்துவிட்டது. சுமந்தவன்மேல் விழுந்த அடியை அரசன் தன் உடம்பில் உணர்கின்றான்; பரணி இந்நிலைக்கு ஒருநாளும் வந்திராது. முகரியின் கண்போனமை பரணிப் புலவனுக்கு வலிக்கவில்லை.

1894ஆம் ஆண்டின் நிலக்கையகப்படுத்தும் சட்டம் 2013இல் புதிய சட்டம் வரும்வரை நம் நாட்டில் வழங்கிற்று. நிலத்தில் உரிமை காட்டக்கூடியவர்க்கே அச்சட்டம் ஈட்டுத்தொகை அளித்தது. பட்டா உடையவன் கணக்கில் வந்தான். அவன் வயலில் கூலிக்கு உழைத்தவளும், புறம்போக்கில் ஆடு மேய்த்தவனும், காட்டில் தேனும் கிழங்கும் எடுத்தவனும் கணக்கின் புறத்தே நின்றனர். வன உரிமைச் சட்டம் 2006இல்தான் வந்தது. ஆற்றங்கரைப் பங்கு வந்தியின்மேல் விழுந்தது; ஈட்டுத்தொகை வந்தியை எட்டவில்லை. சட்டத்தைப் பற்றி எழுதுவது எம் துறையன்று எனினும், படலத்தின் பொருள் இன்று எங்கே சென்று தொடுகின்றது என்பதைக் காட்ட இவ்வளவு கூறினோம்.

மூழ்கிய ஊரின் நூல்

அதே வையைக்கு 1959இல் அணை வந்தது. அணையின் உயரம் 111 அடி. நீர் தேங்குவது 71 அடி. மதுரை, இராமநாதபுரம் பகுதி வயல்களுக்கு அஃது ஆற்றிய உதவி பெரிது. நீர் தேங்கிய இடத்தில் இருந்த ஊர்கள் அகன்றன. அவ்வூர்களுள் ஒன்றில் பிறந்து சிறுவனாகவே வடுகபட்டிக்குப் பெயர்ந்த குடும்பத்தவர் வைரமுத்து. அவர் எழுதிய கள்ளிக்காட்டு இதிகாசம் 2001இல் நூலாயிற்று. 2003இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அணைக்கு இடங்கொடுத்தோர் பக்கம் நின்று, அவர் பேச்சிலேயே எழுந்த பெருங்கதை என்ற வகையில் அதன் இடம் உறுதியானது. பேயத்தேவர் என்னும் முதிய உழவரின் வாழ்க்கை, மண்ணைப் பற்றிய அறிவாகவே அந்நூலில் விரிகின்றது. கிணறு தோண்டுவதும் மாடு பிடிப்பதும் கோழி வளர்ப்பதும் அங்கு அலங்காரங்கள் அல்ல. நீரில் மூழ்கப்போவது இவ்வறிவே. வீடும் வயலும் வேறிடத்தில் கிடைக்கலாம். இந்த மண்ணுக்கு மட்டும் பொருந்தும் அறிவு வேறிடத்தில் பயன்படாது. ஈட்டுத்தொகைக் கணக்கில் எக்காலத்தும் வாராத இவ்விழப்பை அந்நாவல் கணக்கில் கொணர்ந்தது. அதன் தலையாய சிறப்பு இதுவே என்போம்.

இருப்பினும் அந்நூலின் கட்டமைப்பில் ஒரு தடை உளது. பேயத்தேவர்மேல் அணை வருவதற்கு முன்னரே துன்பங்கள் அடுக்கடுக்காய் வருகின்றன. மக்களால் துன்பம், மனைவியின் மறைவு, வறுமை, இழிவு எனக் கதை நெடுகத் துயர் பெருகி, இறுதியில் நீர் வருகின்றது. அந்நீரிலேயே அவர் முடிவும் நேர்கின்றது. இவ்வரிசையில் வைக்கப்படுவதால் அணையும் மற்றொரு விதியாகிவிடுகின்றது. மகன் தீயவனாதல் ஊழ் எனலாம். மழை பொய்த்தல் இயற்கை எனலாம். அணை அவ்விரண்டும் அன்று. அது பலர் கூடி, அளந்து, எண்ணி, கையெழுத்திட்டுச் செய்த முடிவு. வேறுவகையாகவும் செய்திருக்கக்கூடிய முடிவு. அம்முடிவைச் செய்தோர், அதனால் பயன்பெற்ற கீழ்நாட்டு உழவர் ஆகியோரின் குரல் நாவலுள் ஏறத்தாழ இல்லை. மதுரைக்குக் கீழே முதல் போகம் அறுத்த ஓர் உழவனைக் காட்டியிருந்தால் நம் இரக்கம் குறைந்திருக்குமோ என ஆசிரியர் அஞ்சினார் போலும். குறைந்திராது, ஆழ்ந்திருக்கும் என்பது எம் துணிபு. இருவரும் நல்லோராயிருக்க ஒருவன் இழப்பே மற்றவன் பேறாவதில்தான் இப்பொருளின் அவலம் உள்ளது.

இராசம் கிருட்டிணனின் குறிஞ்சித்தேன் இதற்கு நெடுநாள் முன்னரே மலைமக்கள் வாழ்வில் நேர்ந்த மாற்றத்தை நீலமலைப் படகர் வழியே எழுதிற்று. அந்நூலில் மாற்றம் ஒரு தலைமுறையோடு நில்லாமல் மெல்ல நடப்பதால், இழப்பும் பேறும் ஒரே குடும்பத்துள்ளேயே கலந்து வருகின்றன. உணர்ச்சியின் வேகத்தில் பின்னதற்கு அது ஈடாகாது, நேர்மையில் குறைந்ததன்று.

மேட்டூரைப் பற்றி ஒன்று. 1934இல் முடிந்த அவ்வணையின் நீர் வற்றும்போதெல்லாம் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய கிறித்தவக் கோயிலின் கோபுரமும் வெளிப்படும். செய்தித்தாள்கள் படம் வெளியிடும். மக்கள் காணச் செல்வர். எகிப்தில் அசுவான் பேரணை எழுந்தபோது அபு சிம்பல் கோயிலை அறுத்தெடுத்து மேட்டில் வைக்க உலகநாடுகள் பொருள் திரட்டின. அப்பணி 1964 முதல் 1968 வரை நடந்தது. ஆங்குப் பெயர்க்கப்பட்ட நூபிய மக்களை நினைப்பார் அத்துணைப் பேர் இலர். கல் மூழ்கினால் வருந்தும் நெஞ்சு மனிதன் பெயர்ந்தால் வருந்துவதற்குச் சிறிது காலம் எடுத்துக்கொள்கின்றது. பேரணைகளால் 4 கோடி முதல் 8 கோடி வரை மக்கள் உலகெங்கும் இடம்பெயர்ந்தனர் என உலக அணைகள் ஆணையம் 2000ஆம் ஆண்டு மதிப்பிட்டது. இத்தகைய எண் பெரிதாயிருப்பதனாலேயே நெஞ்சில் தைப்பதில்லை. பேயத்தேவர் என்ற ஒற்றைப் பெயர் தைக்கின்றது. இலக்கியத்துக்குப் பணி இருப்பது இங்கேதான்.

மலை எங்கே போயிற்று?

மீண்டும் கல்வராயனுக்கு வருவோம். மேட்டூரும் வையையும் மூழ்கிய ஊரின் கதைகள். கோமுகியில் நாம் காணவேண்டிய செலவு நீருக்கு அடியில் இல்லை. அணைக்கு மேலே, மலையில் உள்ளது.

மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தனர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. சாமையும் கேழ்வரகும் விளைத்து வாழ்ந்த அவர்கள் சாகீர்தார்களின் ஆட்சியின்கீழ் இருந்தனர். அச்சாகீர்கள் அரசின் கைக்கு வந்தது 1976இல். இவ்வாண்டைக் கோமுகி அணை முடிந்த 1965உடன் இணைத்து நோக்குக. நாடு குடியரசாகிப் பதினைந்தாண்டு கழித்து, குடியரசின் பொறியாளர் மலையடிவாரத்தில் கால்வாய் வெட்டி முடித்தனர். அக்கால்வாய்க்கு நீர் தரும் மலையின்மேல் அன்றும் பழைய சாகீர் ஆட்சியே நடந்தது. மேலும் பதினோராண்டு நடந்தது. மலைநீருக்குச் சமவெளியில் வந்த விடுதலை, மலைமகனுக்கு அதன்பின்னரே வந்தது. அணை இவ்வேறுபாட்டை உண்டாக்கியது என்று யாம் சொல்லவில்லை. அணை கட்டியோர் கண் நீரின்மேல் மட்டும் சென்றது; நீர் பிறக்கும் இடத்து மக்கள்மேல் செல்லவில்லை என்றே சொல்கின்றோம். மலையிலிருந்து இறங்கிவரும் நீரை வரவேற்க மதகும் மடையும் காத்திருந்தன. வேலை தேடி இறங்கிவரும் மலைமகனுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இருந்ததில்லை.

இம்மலைத்தொடருக்கு வடக்கே, சற்றுத் தொலைவிலுள்ள செங்கமே மலைபடுகடாத்தின் தலைவனாகிய நன்னனின் செங்கண்மா எனக் கொள்வது அறிஞர் மரபு. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளில் மலை ஒரு காட்சிப்பொருளன்று. வழியும் விருந்தும் ஓசையுமாக உள்ளது. கூத்தர் சுற்றம் மலையேறிச் செல்கையில் ஒவ்வொரு சிற்றூரும் அவர்க்கு உணவளிக்கின்றது. மலையில் எழும் ஓசைகளைப் புலவர் நெடிது அடுக்குகின்றார்: அருவியின் ஓசையோடு, புலி பாய்ந்த கணவனின் மார்புப் புண் ஆறவேண்டிக் கொடிச்சியர் பாடும் பாட்டும் அவ்வடுக்கில் உண்டு. அருவியும் அப்பெண்டிரும் ஒரே பட்டியலில் நிற்கின்றனர். நீரின் ஓசையைக் கேட்ட செவி மனிதர் வலியையும் உடன் கேட்டது. நம் காலத்துப் பொறியியல் அறிக்கைகளில் அருவி இத்தனைக் கன அடி என வருகின்றது. கொடிச்சியர் பாட்டு வருவதில்லை. அறிக்கை செய்யவேண்டுவது அதுவன்று என்பர். உண்மையே, அங்ஙனமாயின் அதனைச் செய்யவேண்டியோர் தமிழ்த்துறையினர் அல்லரோ? வெள்ளிமலைக்கும் அதைச் சூழ்ந்த ஊர்களுக்கும் செல்லும் முதுகலை மாணாக்கர் தெய்வப் பாடலும் தாலாட்டும் தொகுத்து மீள்வதோடு அமையாமல், ஆறு, ஓடை, மழை பற்றிய சொற்களையும், இடப்பெயர்களையும், கூலிக்கு இறங்கிப்போனோரைப் பற்றிய ஒப்பாரிகளையும் கேட்டுவருதல் வேண்டும். எந்த ஓடைக்கு என்ன பெயர் என்பது எதிர்காலத்தில் ஒரு வழக்குக்கும் சான்றாகலாம்.

இலக்கண வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. நம்பியகப்பொருள் நீரைக் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணி, குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், மருதத்துக்கு ஆறும் பொய்கையும், நெய்தலுக்கு மணற்கிணறும் உவர்நீரும் எனப் பகுக்கும். அணைநீர் எத்திணையது? பிறந்த இடத்தால் குறிஞ்சி. பாயும் இடத்தால் மருதம். தேங்கி நிற்கும் இடத்தை நோக்கினால், கரை தெரியாத நீரும் வலைவீசும் பரிசிலுமாக நெய்தல் போன்றே தோன்றும். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் பல. மலைநடுவே செயற்கையாய் ஒரு நெய்தல் தோன்றியிருக்கின்றது. இதற்கு உரிப்பொருள் யாதெனக் கேட்டால் பிரிவு என்றே விடை வரும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்ற இளங்கோவடிகளின் கருத்தை நாம் வெப்பத்தோடு மட்டும் பொருத்திப் படித்துவந்தோம். நீராலும் நிலம் திரியும். திரிந்த நிலத்தில் தலைவன் தலைவியைப் பிரிவதன்று, உழுதவன் மண்ணைப் பிரிவதே உரிப்பொருளாகும். இது திணைக் கோட்பாட்டை வலிந்து நீட்டுவதாகும் என்று சிலர் கூறக்கூடும். நீட்டாமல் விட்டால் அக்கோட்பாடு ஏட்டில் மட்டும் நிற்கும்.

கோவலூரும் பெண்ணையும்

அம்மூவனார் அகநானூற்று 35ஆம் பாட்டில், காரியின் கோவலூர்த் துறையில் ஓடும் பெண்ணையாற்று நுண்மணலைக் கூந்தலுக்கு உவமையாக்குகின்றார். அந்த ஆற்றில் இன்று வரும் நீரின் அளவைப் பெரிதும் சாத்தனூர் மதகுகள் முடிவு செய்கின்றன. 2024 திசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையால் அணை நிரம்ப, நொடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. திருக்கோவலூர்ப் பகுதி முதல் கடலூர் வரை பெண்ணையின் கரையூர்கள் வெள்ளத்தில் சிக்கின. அணைக்கு மேலே இருந்தோர்தாம் இழப்பர், கீழே இருந்தோர் பெறுவர் என்ற எளிய பகுப்பு அவ்விரவில் உடைந்தது. மேலே நீரைத் தேக்கிவைத்தோர் கையில் கீழே உள்ளோரின் உறக்கம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது. பரஞ்சோதியார் காலத்து வையைக்கரையில் நகர மக்கள் தாமே சென்று கரையைக் காத்தனர். இன்று தொலைவிலுள்ள ஒரு மதகின் திறப்பைப் பற்றிய அறிவிப்புக்காகக் காத்திருக்கின்றனர்.

கோவலூர் ஆற்றினுள் கபிலர் குன்று எனப்படும் பாறை ஒன்று உள்ளது. பாரியின் மகளை மலையனுக்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்தார் என்ற செய்தியை அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு கூறுகின்றது. பாரி மகளிர் பாடியதாக வரும் புறநானூற்று 112ஆம் பாட்டைக் கையறுநிலை என நம் முன்னோர் வகுத்தனர். அப்பாட்டின் சிறுமையிலும் ஒரு நுட்பம் உண்டு. கள்ளிக்காட்டு இதிகாசத்தில் யாம் குறைகண்டவிடம் அதனோடு ஒப்பிடத்தக்கது. சென்ற திங்களில் தந்தையும் குன்றும் இருந்தன, இத்திங்களில் இரண்டும் இல்லை என்று சொல்லும் அம்மகளிர், தம் குன்று தானே போயிற்று என்று பாடவில்லை. முரசறைந்து வென்ற வேந்தர் அதனைக் கொண்டனர் எனப் பாடுகின்றனர். விதியின்மேல் பழி வைக்காமல், கொண்டவர் யாரென ஐந்தே அடிகளில் கூறிவிட்டு அமைகின்றனர். பறம்பு மலையை இழந்த அவர்கள் இறங்கிவந்து சேர்ந்த இடம் இந்தப் பெண்ணைக் கரை.